திறக்காமல் போன நூற்று அறுபத்து மூன்று பதிவுகள்

கவிப்பிரியாவை அந்தப் பயிற்சி மையத்தில் வேலைக்கு எடுத்தது டோக்கன் போடுவதற்கும் போன் எடுப்பதற்கும்தான். ஆவடி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது மையம். காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளுக்கு அறுவை செய்து காதுக்குள் கருவி பொருத்துவார்கள். பொருத்தியதும் பிள்ளை பேசிவிடாது. சத்தம் என்றால் என்ன என்பதிலிருந்தே அதற்குப் பழக்க வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வருடமும் ஆகும், சில பிள்ளைகளுக்கு ஏழெட்டு வருடமும் ஆகும். பூந்தமல்லிக்காரரான வஹீதுன்னிசா மேடம் அந்தப் பயிற்சிக்காகவே மையத்தைத் தொடங்கி, பதினோரு வருடமாக நடத்திவந்தார்.

மேடத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு பிள்ளையின் ஒவ்வொரு பயிற்சியையும் வீடியோ எடுத்தாக வேண்டும். "ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தாதான் புள்ள எவ்ளோ தூரம் வந்திருக்குன்னு தெரியும்" என்பார். கவிப்பிரியா பட்டாபிராமிலிருந்து மாலைக் கல்லூரிக்குப் போய்ப் படித்தது கம்ப்யூட்டர். அதனால் வீடியோக்களைப் பெயர் போட்டு, தேதி போட்டுச் சேர்த்து வைக்கும் வேலை முதல் வருடத்திலேயே அவள் கைக்கு வந்துவிட்டது. அந்த வேலை அவளுக்குப் பிடித்தும் இருந்தது. டோக்கன் கொடுக்கிற பெண்ணாக இருந்தவளை அம்மாக்கள் கொஞ்ச நாளில் டீச்சர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் மறுக்கவில்லை.

வீடியோக்கள் பெருகியதும் மேடத்திடம் சொல்லி ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்க வைத்தாள். நாலு டிஸ்க் போடுகிற பெட்டி. நாலையும் தனித்தனியாக வைக்காமல் ஒன்றாகச் சேர்த்து ஒரே கிடங்காக ஆக்கிவிடலாம். ஒவ்வொரு வீடியோவும் நாலு டிஸ்கிலும் துண்டு துண்டாகப் பரவி இருக்கும். ஒரு டிஸ்க் செத்துப்போனாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அதிலிருந்ததைக் கணக்குப் போட்டுத் தந்துவிடும். இரண்டு செத்தால் முடிந்தது கதை. இதை அவள் இணையத்தில் படித்து, தானே அமைத்தாள். "ஒண்ணு போனாலும் தாங்கும் மேடம், பயமே இல்ல" என்று சொன்னபோது மேடம் அவளைப் பெருமையாகப் பார்த்ததை ரொம்ப நாள் மனதில் வைத்திருந்தாள். வேறொரு இடத்தில் இன்னொரு நகல் வேண்டுமே என்ற யோசனை அவளுக்கு வரவேயில்லை. தாங்கும் என்பதையே அவள் நகல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

போன ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ரூஹி என்ற இரண்டரை வயதுப் பெண் குழந்தை. கருவியை இயக்கி மூன்று வாரம் ஆகியும் எந்தச் சத்தத்துக்கும் அது திரும்பவில்லை. மேளம் தட்டினார்கள், கிலுகிலுப்பை ஆட்டினார்கள், அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். குழந்தை பாட்டுக்கு மரவளையங்களை அடுக்கிக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து அறையிலிருந்து ஸ்டோரேஜ் பெட்டி பீப், பீப் என்று கத்த ஆரம்பித்தது. ரூஹி கையிலிருந்த வளையத்தை அப்படியே வைத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு விரலை நீட்டிக் காட்டினாள்.

மேடம் கை தட்டினார். ரூஹியின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கவிப்பிரியாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பக்கத்து அறைக்கு ஓடினாள். மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு சிவப்பாக எரிந்தது. திரையில் 'டிஸ்க் 3 பழுது. கிடங்கு பாதுகாப்பின்றி இயங்குகிறது' என்ற அறிவிப்பு. கீழே ஒலியை நிறுத்துவதற்கு ஒரு பட்டன். அடுத்த பிள்ளை உள்ளே வருகிற நேரம். இந்தச் சத்தத்தில் பயிற்சி நடத்த முடியாது. பட்டனை அமுக்கினாள். அறை அமைதியானது.

அன்றைக்கே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மேடம் ரூஹியின் அம்மாவோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் பள்ளிக்கூடச் சேர்க்கைக்காகச் சான்றிதழ் கேட்டு இருபது பேர் வந்து நின்றார்கள். அப்புறம் மேடம் ஒரு வாரம் வெளியூர் போய்விட்டார். மேடம் இல்லாமல் புது டிஸ்க் வாங்க முடியாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். போன் போட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. ஒன்று போனாலும் தாங்கும் என்று சொன்னவள் அவள்தானே, தாங்கிக்கொண்டுதானே இருக்கிறது? இப்படியே பத்தொன்பது நாள் ஓடியது. சிவப்பு விளக்கு கண்ணில் படாமலிருக்க அதன் முன்னால் ஒரு ஃபைலைச் சாய்த்து வைத்தாள் என்பதைப் பின்னால் நினைத்தபோதுதான் அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

மேடத்திடம் சொல்லாமல் தன் காசிலேயே அவள் சொல்லிவைத்திருந்த புது டிஸ்க், இருபதாம் நாள் ஒருவழியாக வந்தது. அன்று காலையில் தெருவில் கரண்ட் இரண்டு மூன்று முறை போய்ப் போய் வந்தது. பெட்டி தானாக அணைந்து மறுபடி எழுந்தது. கவிப்பிரியா பழைய மூன்றாவது டிஸ்க்கை உருவிவிட்டுப் புதியதைச் செருகினாள். 'கிடங்கைச் சரிசெய்யவா?' என்று திரை கேட்டது. ஆம் என்று அமுக்கினாள். மற்ற டிஸ்குகள் மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை, மூன்றுக்கும் ஒரே வயது. சரிசெய்யும் வேலை தொடங்கினால் அவை மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை ஓயாமல் படித்தாக வேண்டும். அதற்கு முன்னால் முக்கியமானதையாவது வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பதினாலு சதவீதம் வந்தபோது முதல் டிஸ்க்கிலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் திரையில் கிடங்கே இல்லை. பதினோரு வருடத்து வீடியோக்கள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. அவள் பெட்டியை அணைத்துப் போட்டாள். மறுபடி சரிசெய் என்று அமுக்கினாள். மூன்று தடவை அப்படிச் செய்தாள். ஒவ்வொரு தடவையும் அந்த டக் டக் சத்தம் கூடிக்கொண்டே போனது.

கூடப் படித்த அரவிந்தனுக்குப் போன் போட்டாள். அவன் அம்பத்தூரில் ஒரு டேட்டா சென்டரில் வேலை செய்கிறான்.

"அரவிந்தா, பெட்டி போச்சுடா. இன்னா பண்றதுன்னே தெரியல."

"இப்போ அது ஓடிகினு கீதா?"

"ஓடுது. டக்கு டக்குனு சத்தம் வருது. திரும்பச் சரிபண்ணச் சொல்லி அமுக்கினு கீறேன்."

"யம்மா தாயே, எதையும் அமுக்காத! மொதல்ல ஆஃப் பண்ணு. ஒயர புடுங்கு. டிஸ்க்க வெளிய எடுத்து எது எந்த எடத்துல இருந்துச்சுன்னு மேல நம்பர் எழுதி வை. அந்த செத்த மூணாவது டிஸ்க்க தூக்கிக் கீக்கிப் போட்டுடாத, அதுவும் வேணும். நான் சனிக்கிழம வரேன்."

ஒயரைப் பிடுங்கினாள். டிஸ்குகளின் மேல் மார்க்கரால் நம்பர் எழுதும்போது அவசரத்தில் ஒன்று என்பது நெளிந்து ஏழு மாதிரி வந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். பிறகு மேடத்தின் அறைக்குப் போய், டிஸ்க் போய்விட்டது, வீடியோ எதுவும் திறக்கவில்லை என்று சொன்னாள். எப்போது போனது என்று மேடம் கேட்டார். "இன்னைக்குக் காலைலதான் மேடம், கரண்ட் போய்ப் போய் வந்துச்சில்ல" என்றாள். மேடம் என்னென்ன வேண்டுமோ வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ என்று அவள் பிற்பாடு நினைத்துப் பார்த்ததுண்டு.

சனிக்கிழமை காலை லோக்கல் ரயிலில் அரவிந்தன் வந்தான். தோளில் லேப்டாப், கையில் டிஸ்க் செருகுகிற ஒரு சின்னத் தாங்கி. வந்ததும் முழுக்கதையையும் கேட்டான். அவனிடம் மட்டும் பத்தொன்பது நாள் விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். அவன் திட்டவில்லை.

"தாங்குறது வேற, காப்பி வேற கவி. எல்லாரும் இங்கதான் தப்பு பண்றாங்க. சரி, இனிமே ஒரிஜினல் டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. படிக்கிறது மட்டுந்தான். ஒவ்வொண்ணையும் அப்டியே புது டிஸ்க்குக்கு நகல் எடுப்போம். அப்புறம் நகல வெச்சி கெடங்க தொறப்போம். என்னா ஆனாலும் நகலுக்குத்தான் ஆவும்."

இரண்டாவதும் நான்காவதும் நல்ல டிஸ்குகள். அவற்றின் நகல் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்தது. முதலாவதுதான் எமனாக நின்றது. நன்றாகப் படிக்க வருகிற இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடங்களைத் தாண்டிப் போகும்படி அரவிந்தன் ஏற்பாடு செய்தான். டிஸ்க் சூடேறாமலிருக்க மேசை ஃபேனை அதன்மேல் திருப்பி வைத்தார்கள்.

அது தொடங்குவதற்கு முன்னால் கவிப்பிரியா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள்.

"ஒரே ஒரு வீடியோ மட்டும் மொதல்ல எடுக்க முடியுமா?"

"யாருது?"

"ராஜகுமாரின்னு ஒரு பொண்ணு. ரெண்டாயிரத்துப் பதினேழுல எடுத்தது. அவ அப்பா பேர் சொல்லிக் கூப்புட்றாரு, அவ மொத மொதல்ல திரும்புறா. அந்த மனுசன் இப்போ இல்ல. கொரோனாவுல போய்ட்டாரு."

ராஜகுமாரியின் அப்பா துலுக்கானம் குத்தம்பாக்கம் பக்கத்தில் செங்கல் லாரி ஓட்டியவர். வேலை இல்லாத நாளில் மகளை அவரேதான் மையத்துக்குக் கூட்டிவருவார். அவர் வைத்திருந்தது பட்டன் போன். அவர் குரல் பதிவாகியிருந்த ஒரே இடம் இந்தப் பெட்டிதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் மனைவி பஞ்சவர்ணம் அந்த வீடியோவைக் கேட்டு வந்தாள். அன்று கூட்டம் அதிகம். அதோடு, வீடியோவை வெளியே கொடுக்க ஒரு படிவம் எழுதி மேடத்திடம் கையெழுத்து வாங்க வேண்டும். "எங்க போவப் போவுதுக்கா, இங்கயேதான் பத்திரமா கீது. அப்புறமா வந்து வாங்கிக்கோ" என்று கவிப்பிரியா அனுப்பிவிட்டாள். பஞ்சவர்ணம் அப்புறம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் இதே பதில்தான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

அரவிந்தன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான்.

"ஒரு வீடியோவ எடுக்கணும்னா நோயாளி டிஸ்க்க வெச்சே கெடங்க தொறக்கணும். இங்க ஓடு, அங்க ஓடுன்னு அத அலைய வுடணும். நடுவுல அது படுத்துடுச்சுன்னா மொத்தமும் போச்சு. எத்தினி புள்ளைங்களுது கீது இதுல?"

"நானூறு பேருக்கு மேல."

"அப்போ நீயே சொல்லு."

"நகலே எடு" என்றாள் கவிப்பிரியா. அது சரியான முடிவுதான். இன்றைக்குக் கேட்டாலும் அவள் அதையேதான் சொல்வாள். ஆனாலும் அந்த வார்த்தை வாயைவிட்டு வந்தபோது, பஞ்சவர்ணத்தை நாலாவது தடவையாகத் திருப்பி அனுப்பியது போலத்தான் அவளுக்கு இருந்தது.

முதல் டிஸ்க் தொண்ணூற்றாறு சதவீதம்வரை ஒழுங்காக வந்தது. அப்புறம் நின்றது. ஆற விட்டார்கள், மறுபடி ஓட்டினார்கள். இன்னும் கொஞ்சம் வந்தது. திங்கட்கிழமை மத்தியானம் அது ஒரு நீளமான கிறீச்சோடு ஓய்ந்துவிட்டது. அதற்கு மேல் அது சுழலவே இல்லை. முதலில் பழுதான அந்தப் பழைய மூன்றாவது டிஸ்க்கை அரவிந்தன் கடைசியாகச் செருகினான். அதுவும் முழுசாகப் படிக்கவில்லை. ஆனாலும் பழைய வீடியோக்கள் இந்தப் பத்தொன்பது நாளில் மாறியிருக்க முடியாது என்பதால், முதல் டிஸ்க் தராத துண்டுகளில் பலவற்றை அதிலிருந்து ஈடுகட்ட முடிந்தது.

அரவிந்தன் லீவு போட்டுவிட்டு மறுநாளும் வந்தான். நகல் டிஸ்குகளைச் சேர்த்து, எதுவும் எழுதப்படாதபடி பூட்டிவைத்துக் கிடங்கைத் திறந்தான். பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. கவிப்பிரியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேடம் வாய்க்குள்ளேயே எதையோ ஓதினார்.

எல்லாவற்றையும் வேறிடத்துக்கு எடுத்து வைக்க மேலும் இரண்டு நாள் ஆனது. ஐயாயிரத்துச் சொச்சம் பதிவுகளில் நூற்று அறுபத்து மூன்று திறக்கவில்லை. முதல் டிஸ்க்கும் மூன்றாவது டிஸ்க்கும் ஒரே இடத்தில் கெட்டுப்போயிருந்த பதிவுகள் அவை. அந்தப் பட்டியலை அவள் விரல் வைத்துப் படித்தாள். எண்பத்தேழாவது வரியில் ராஜகுமாரி, 2017 ஆகஸ்ட்.

"நூத்துல தொண்ணூத்தேழு வந்துடுச்சி. மொத்தமுமே போயிருக்க வேண்டியது இது" என்றான் அரவிந்தன். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். அந்த ஒரு கோப்பை மட்டும் தனியாக எடுத்துப் போய், உடைந்த இடத்துக்கு முன்னால் இருந்ததை வெட்டி, ஒரு வாரம் கழித்து அனுப்பினான். நாலு நிமிட வீடியோவில் நாற்பது விநாடி வந்தது. மூன்று வயது ராஜகுமாரி தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டுகிறாள். பின்னால் துலுக்கானத்தின் முழங்காலும் ஒரு கையும் தெரிகின்றன. மேடம் அவரிடம் "இப்போ கூப்பிடுங்க" என்கிறார். அதற்குப் பிறகு படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறுகிறது. அவர் கூப்பிடவில்லை.

மேடம் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். "நம்ம கவிதான் காப்பாத்தினா. அஞ்சு நாளா சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்தா." பெற்றோர் கூட்டத்தில் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் பஞ்சவர்ணமும் தட்டினாள். கூட்டம் முடிந்ததும் கவிப்பிரியா மேடத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மேடம், ரூஹி திரும்பிப் பார்த்தாளே, அந்தச் சத்தம்... அது டிஸ்க் போச்சுன்னு பெட்டி கத்தினது. நான்தான் நிறுத்தினேன். பத்தொன்பது நாள் உங்ககிட்ட சொல்லல."

"அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்றார் மேடம்.

"ஒண்ணுமே போயிருக்காது மேடம்."

"ஏம்மா சொல்லல?"

சிவப்பு விளக்கை ஃபைலால் மறைத்து வைத்ததையும் கவிப்பிரியா சொன்னாள். மேடம் அவளை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, கவி எதையாவது சரியாக இருக்கிறது என்று சொன்னால், "காட்டு" என்று கேட்க ஆரம்பித்தார்.

பஞ்சவர்ணத்திடம் சொல்ல இன்னும் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். அவள் மகளோடு வந்த வியாழக்கிழமை, இருவரையும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ராஜகுமாரிக்கு இப்போது பத்து வயது. நன்றாகப் பேசுகிறாள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

"அக்கா, உங்க வீடியோ போய்டுச்சு. நாப்பது செகண்டுதான் வந்துச்சி. அண்ணன் கூப்புட்றது அதுல இல்ல."

"மிஷின் கெட்டுப்போச்சுன்னாங்களே, அதுலயா?" என்றாள் பஞ்சவர்ணம்.

மிஷின்மேல் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள அதுதான் வழி. கவிப்பிரியா அந்த வழியில் போகவில்லை. "மிஷின் கெட்டுப் போவப் போவுதுன்னு முன்னாலயே சத்தம் போட்டுச்சிக்கா. நான்தான் கண்டுக்கல. நீங்க கேட்டப்பவே நான் குடுத்திருந்தாலும் இன்னைக்கு அது உங்க ஊட்ல இருந்திருக்கும்."

"மூணு வாட்டி கேட்டேன்மா" என்றாள் பஞ்சவர்ணம். குரலை உயர்த்தவில்லை. "இவளுக்கு அவரு மூஞ்சி ஞாபகம் கீது, போட்டோ கீது. கொரலு ஞாபகம் இல்லன்னு சொல்றா. அதுக்குத்தான் கேட்டேன்."

கவிப்பிரியா அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இங்கே தான் அழுதால் தன்னைத் தேற்றுகிற வேலையும் பஞ்சவர்ணத்தின் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்தது.

"அந்த நாப்பது செகண்டப் போடு" என்றாள் பஞ்சவர்ணம்.

போட்டாள். ராஜகுமாரி திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். "அது அப்பா காலா?" என்று கேட்டாள். "ஆமா" என்றாள் அம்மா. பச்சைக் கட்டங்கள் வந்ததும், "இன்னொரு வாட்டி" என்றாள் பெண். நாலு தடவை பார்த்தார்கள். போனில் ஏற்றிக்கொண்டு இருவரும் இறங்கிப் போனார்கள். பஞ்சவர்ணம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

மையத்தில் இப்போது எல்லாப் பதிவுகளுக்கும் இரண்டு நகல் உண்டு. ஒன்று ஆவடியில், இன்னொன்று பூந்தமல்லியில் மேடத்தின் வீட்டில். மேடத்திடம் கேட்டு அந்தப் படிவத்தையே கவிப்பிரியா ஒழித்துக்கட்டினாள். பிள்ளையின் வீடியோ பெற்றவர்களுக்கு உடனே போய்ச்சேர வேண்டும். பயிற்சியை விட்டுப் போன குடும்பங்களின் நம்பரைத் தேடிப் பிடித்துச் சனிக்கிழமைதோறும் பேசினாள். பாதி நம்பர்கள் மாறியிருந்தன. முகவரி தெரிந்தவர்களின் வீட்டுக்கு நேரிலேயே போனாள். திருமழிசையில் ஒரு வீட்டில், அந்தப் பிள்ளை பேச்சு வராமலே வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது, இதை வைத்து நாங்கள் என்ன செய்ய என்று பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நூற்று அறுபத்து மூன்றில் யாருடையது இருந்ததோ அவர்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னாள். பெரும்பாலானவர்கள் பரவாயில்லை என்றார்கள். சிலருக்கு அப்படியொரு வீடியோ எடுத்ததே நினைவில்லை. அப்படிச் சொன்னவர்களிடம்கூட அவளால் நிம்மதியாகப் போனை வைக்க முடியவில்லை.

பஞ்சவர்ணம் மகளைத் தொடர்ந்து கூட்டிவந்தாள். எது கேட்பதானாலும் மேடத்திடம்தான் கேட்டாள். கவிப்பிரியா டோக்கன் நீட்டினால் வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள்.

டிசம்பரில் ராஜகுமாரிக்குப் பயிற்சி முடிந்தது. இனி வரத் தேவையில்லை என்று மேடம் எழுதிக்கொடுத்தார். அன்றைக்குப் பஞ்சவர்ணம் கவிப்பிரியாவின் மேசைக்கு வந்து, ஏழு வருடத்தில் எடுத்த மற்ற வீடியோக்களையெல்லாம் கேட்டாள். அறுபத்தெட்டு இருந்தன. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள் கவிப்பிரியா.

"ஒரு வாட்டி இதுலயே போட்டுக் காட்டு" என்றாள் பஞ்சவர்ணம்.

"எல்லாத்தையுமாக்கா? சாய்ங்காலம் ஆயிடும்."

"ஆவட்டும். சரியா கீதான்னு பாத்துகினு போறேன்."

கவிப்பிரியா எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தாள். முதல் வீடியோவைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டாள்.